மூலிகைத் தோட்டத்தை நோய்வாரியாகப் பிரிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகைத் தோட்டம் அமைப்பது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இடத்தேர்வு, மண்ணைப் பக்குவப்படுத்துதல் ஆகியவை குறித்துக் கட்டுரையாளர் கூறியவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், சளிக்கு ஒரு பாத்தி, மூட்டுவலிக்கு ஒரு பாத்தி, தோல் நோய்க்கு ஒரு பாத்தி என்று தோட்டத்தை நோய்வாரியாகப் பிரிக்கச் சொல்லும் பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை. அப்படி அமைக்கப்பட்ட தோட்டம் ஒன்றை ஆறு ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அது ஒரு கல்வி நிறுவனத்தின் தோட்டம். அங்கே தோல் நோய்ப் பாத்தியில் சோற்றுக்கற்றாழையையும் வல்லாரையையும் அருகருகே நட்டிருந்தார்கள். வல்லாரையோ வாய்க்கால் ஓரத்து ஈரத்தில், அரைநிழலில் படர்ந்து வாழ்வது. கற்றாழைக்கோ வேரடியில் தண்ணீர் நின்றால் ஆகாது. வல்லாரை வாடுகிறதே என்று நாள்தோறும் தண்ணீர் விட்டோம். கற்றாழையின் அடிமடல்கள் பழுப்பேறிக் கூழாகி, தொட்ட மாத்திரத்தில் கையோடு கழன்று வந்தன. தண்ணீரைக் குறைத்தோம், வல்லாரை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. மூன்று முறை மறுநடவு செய்த பிறகுதான், பாத்தி பிரித்த விதமே தவறு என்பது எங்களுக்கு உறைத்தது.

செடி எந்த நோய்க்கு உதவும் என்பது மனிதனின் கணக்கு. அதற்கு எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர், எத்தனை அடி இடம் என்பதுதான் செடியின் கணக்கு. தோட்டத்தின் வரைபடம் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். தண்ணீர் வடிந்து சேரும் தாழ்வான பகுதியை வசம்பு, நீர்ப்பிரமி, வல்லாரை, கரிசலாங்கண்ணி ஆகியவற்றுக்கு ஒதுக்கி, கற்றாழையையும் பிரண்டையையும் மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய்விட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சீந்தில் கொடிக்கு உறுதியான பந்தல் தேவை. பற்றிக்கொள்ள இளமரம் கிடைத்தால் அதன்மேல் ஏறி மூடிவிடும். தூதுவளைக்குத் தண்டில் மட்டுமன்றி இலையிலும் முள் உண்டு என்பதால், குழந்தைகள் நடமாடும் பாதையிலிருந்து அதைத் தள்ளி வைப்பது நல்லது. எல்லையோரத்துக்கு ஆடாதோடையும் நொச்சியும் போதும். இரண்டும் கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதோடை என்ற பெயரே வந்தது என்பார்கள். உயிர்வேலிக்கு அதைவிடப் பொருத்தமான செடியை நான் கண்டதில்லை. பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். இல்லாவிட்டால் களை எடுப்பவர் உள்ளே இறங்கி மண்ணை மிதித்து இறுக்கிவிடுவார்.

நோய்வாரிப் பிரிவினால் வரும் பெரிய ஆபத்து பெயர்ப்பலகையில் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் நித்தியகல்யாணிச் செடியின் முன்னால் ‘புற்றுநோய்க்கு’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு நாள் முதியவர் ஒருவர் அந்த இலைகளைக் கைப்பிடி அளவு பறித்துத் துண்டில் முடிந்துகொண்டு, இதை அரைத்துக் குடிக்க வேண்டுமா, கொதிக்க வைக்க வேண்டுமா என்று என்னிடமே கேட்டார். வீட்டில் அவருடைய மனைவி நோயுற்றிருந்தார். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடியிலிருந்து கிடைத்தவை என்பது உண்மைதான். ஆனால், அவை பிரித்தெடுத்துத் தூய்மையாக்கப்பட்டு, மருத்துவர் கணக்கிட்டுத் தரும் அளவில் நரம்பு வழியாகச் செலுத்தப்படுபவை. பச்சை இலையை அரைத்துக் குடிப்பது நஞ்சைக் குடிப்பதாகும். அவரிடமிருந்து அந்த இலைகளைத் திரும்ப வாங்கியபோது அவர் முகம் வாடியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்று மாலையே அந்தப் பலகையைக் கழற்றினேன்.

அப்படியென்றால் பலகையில் என்ன எழுதுவது? இத்தாலியின் பதுவா நகரில் 1545-ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தார் மூலிகைத் தோட்டம் அமைத்தபோது, உண்மையான மூலிகையைப் போலியிலிருந்து பிரித்தறிய மாணவர்களைப் பழக்குவது அவர்களின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. இன்றைக்கும் மூலிகைத் தோட்டத்தின் முதல் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். கீழாநெல்லிக்குப் பலகை வைத்தால், ‘சிறுகிளையைத் திருப்பிப் பாருங்கள், இலை வரிசையின் அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் தொங்கும்’ என்று எழுதலாம். படிக்கும் சிறுவன் குனிந்து, கிளையைத் திருப்பி, காயைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தச் செடியை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவான். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதாலும், ஒரே பெயரை இரண்டு மூன்று செடிகளுக்கு வழங்குவதாலும், தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் சேர்த்தே எழுத வேண்டும். பயன்படும் பகுதி வேரா, இலையா, பட்டையா என்பதும், எச்சரிக்கை இருந்தால் அதுவும் போதும்.

நச்சுச் செடிகளைத் தோட்டத்திலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. செங்காந்தளின் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று தவறாக எண்ணித் தின்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக முடியும் அதன் இலையை ஒரு முறையாவது அருகில் நின்று பார்த்தவர் ஏமாற மாட்டார். ஊமத்தை, குன்றிமணி, அரளி, செங்காந்தள் ஆகியவற்றைப் பூட்டிய கம்பி வேலிக்குள் தனியே வளர்த்து, பொறுப்பாளர் உடனிருக்கும்போது மட்டும் காட்டலாம்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியையும் எழுதவிருப்பதாக அறிகிறேன். அதனுடன் வெளியிடும் மாதிரி வரைபடத்தில் காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் நிழல் விழும் இடங்களையும், தண்ணீர் வடியும் திசையையும் குறித்துத் தருமாறு தங்கள் வாயிலாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்