டெங்குத் தடுப்பூசி: தொற்றுநோயியல் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவுக்குப் பொறுப்பான பிரதம தொற்றுநோயியலாளர் அவர்கட்கும், தொற்றுநோய்கள் பற்றிய தேசிய ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கட்கும்,

மதிப்புக்குரியீர்,

டெங்குத் தடுப்பூசியை இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றுவதா இல்லையா என்று என்றேனும் தீர்மானிப்பீர்களாயின், அத்தீர்மானத்துக்கு அடிப்படையான தரவுகளை, தீர்மானம் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே, வயது வாரியாகவும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு வாரியாகவும், மூன்று மொழிகளிலும் பொதுமக்கள் முன் வையுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நான் தடுப்பூசிக்கு எதிரானவள் அல்லேன். கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். மழைக்காலம் தொடங்கியதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள என் பழைய மாணவர்கள், இப்போது பெற்றோராகி நின்று, "வெளிநாட்டில ஊசி வந்திட்டுதாமே டீச்சர், எங்கட பிள்ளையளுக்கு ஏன் இன்னும் போடேல்லை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகி, 440 பேர் உயிரிழந்ததைக் கண்ட நகரம் இது. ஆயினும் அக்கேள்விக்குரிய விடை, இந்நோய் உடலுக்குள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது. அதை விளக்காமல் எடுக்கப்படும் எந்தத் தீர்மானமும் பிற்பாடு தவறாக விளங்கிக்கொள்ளப்படும் என்பதே என் அச்சம்.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் தொற்றுண்டவருக்கு அதே வகைக்கு எதிராக நீடித்த நிர்ப்பீடனம் கிடைக்கிறது. ஏனைய மூன்றுக்கும் எதிராகக் கிடைப்பது சில மாதப் பாதுகாப்பே. அம்மாதங்கள் கழிந்தபின் வேறொரு வகை தொற்றினால், முதற்தடவை சாதாரணக் காய்ச்சலாய் வந்துபோன நோய் இரண்டாந்தடவை உயிராபத்தாக மாறும் சாத்தியம் கூடுகிறது. 1960களில் பாங்கொக் நகரச் சிறுவர்களிடம் இதை அவதானித்த ஸ்கொட் ஹோல்ஸ்டெட் என்ற ஆய்வாளர், தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளே நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று கூறியபோது பலர் அதை ஏற்கவில்லை. கியூபாவின் அனுபவம் அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. அங்கு 1977 இல் முதலாம் வகை பரவியது. 1981 இல் இரண்டாம் வகை வந்தபோது 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்று 158 பேர் இறந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானவர்கள் முன்னைய பரவலுக்கு ஆளாகியிருந்தவர்கள்.

காரணம் இதுதான். போதிய அளவில் இருக்கும் பிறபொருளெதிரி வைரசை முற்றாகச் செயலிழக்கச் செய்கிறது. அளவு குறைந்தால், அல்லது வேறு வகைக்கென உருவானதாக இருந்தால், அது வைரசில் ஒட்டிக்கொள்ளுமே தவிர அதை முடக்காது. அவ்வாறு ஒட்டிய நிலையில், ஒருகருக் குழியங்கள் எனப்படும் ஒருவகை வெண்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளோடு இணைந்து வைரசையும் கலத்தினுள்ளே சேர்த்துவிடுகிறது. கள்வனைத் தடுக்க நிறுத்திய காவலாளியே கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் செல்வது போன்ற நிலை. நிக்கராகுவாச் சிறுவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, பிறபொருளெதிரியின் செறிவு ஒரு குறிப்பிட்ட இடைப்பட்ட வீச்சில் இருந்தவர்களுக்குக் கடுமையான டெங்கு ஏற்படும் ஆபத்து, பிறபொருளெதிரியே இல்லாதவர்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு என்று காட்டியது. செறிவு அதிகமாக இருந்தோருக்கோ பாதுகாப்புக் கிடைத்தது. ஆகவே, "பிறபொருளெதிரி உண்டா?" என்று மட்டும் கேட்டால் டெங்குவில் விடை கிடையாது, எவ்வளவு, எந்த வகைக்கு எதிராக என்றும் கேட்க வேண்டும்.

கடுமையான நோயில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது குருதியின் திரவப் பகுதியான திரவவிழையம் நுண்குழாய்களிலிருந்து கசிவதாகும். வைரசு வெளிவிடும் என்.எஸ்.1 என்ற புரதம் நுண்குழாய்ச் சுவர்களின் ஒழுகுதன்மையைத் தானே கூட்டக்கூடியது என்று 2015 இல் வெளியான இரு ஆய்வுகள் எடுத்துக்காட்டின. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறிப் பப்பாசி இலைச் சாற்றைத் தேடி ஓடும் குடும்பங்களை ஆண்டுதோறும் காண்கிறேன். சிறுதட்டு குறைவது எச்சரிக்கை அடையாளம்தான், ஆனால் கசிவு தொடங்கும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் திரவத்தை அளந்து கொடுப்பதே உயிரைக் காக்கிறது. அதில் நம் நாட்டு வைத்தியர்களும் தாதியரும் பெற்றிருக்கும் தேர்ச்சியை 2017 இன் எண்களே சொல்கின்றன: அவ்வளவு பெரிய பரவலிலும் இறப்பு வீதம் நூறு நோயாளருக்கு 0.24 அளவிலேயே நின்றது.

வைரசை நேரடியாகத் தாக்கும் மருந்து இன்னும் நம் கைக்கு வரவில்லை. வைரசின் இரு புரதங்கள் ஒன்றோடொன்று இணைவதைத் தடுக்கும் சேர்வை ஒன்று எலிகளில் நன்கு செயற்பட்டதாக 2021 இல் அறிவிக்கப்பட்டு நம்பிக்கை ஊட்டியது. அதே வழியில் உருவான மருந்தின் களச் சோதனையை ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் 2024 ஒக்டோபரில், பாதுகாப்புக் குறைபாட்டால் அல்ல, தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டதால் நிறுத்தியது. ஏழை நாடுகளின் நோய்களுக்கு இப்படித்தான் நேர்கிறது. வொல்பாக்கியா என்ற பற்றீரியாவைத் தாங்கிய நுளம்புகளை விடுவித்த யோக்யகர்த்தாச் சோதனை டெங்குவை 77 வீதம் குறைத்ததாக 2021 இல் காட்டியது. அது தனி மடலுக்குரிய விடயம். இப்போதைக்குப் பெற்றோரின் கேள்வி தடுப்பூசி பற்றியதே.

பிலிப்பைன்சில் நடந்ததைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். பெற்றோர் அறியாததால் சுருக்கமாகக் கூறுகிறேன். 2016 ஏப்ரலில் அந்நாடு டெங்வக்சியா தடுப்பூசியைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்றத் தொடங்கி, 8 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர்களைச் சென்றடைந்தது. முன்னர் டெங்கு கண்டிராத பிள்ளைக்கு இவ்வூசி, நோயின்றி நிகழ்ந்த முதற்தொற்றைப் போன்று செயற்பட்டு, பிற்பாடு வரும் உண்மைத் தொற்றை இரண்டாந்தொற்றைப் போல் கடுமையாக்கக்கூடும் என்பதை உற்பத்தியாளரான சனோஃபி நிறுவனம் 2017 நவம்பர் 29 அன்று ஒத்துக்கொண்டது. திட்டம் உடனே நிறுத்தப்பட்டது. தடுப்பூசிகள் முக்கியமானவை என்று உறுதியாகக் கருதியோர் அந்நாட்டில் 2015 இல் 93 வீதமாக இருந்து 2018 இல் 32 வீதமாகச் சரிந்தனர் என்று ஓர் ஆய்வு பதிவுசெய்தது. 2019 இல் அங்கு சின்னமுத்து பெருமளவில் பரவியது. டெங்கு பற்றிய ஒரு தீர்மானத்தின் விலையைச் சின்னமுத்து கண்ட குழந்தைகளும் செலுத்தினார்கள்.

இப்போது பேசப்படும் கியூடெங்கா என்ற, தக்கேடா நிறுவனத்தின் தடுப்பூசி வேறு அமைப்புடையது. வலுக்குறைக்கப்பட்ட இரண்டாம் வகை டெங்கு வைரசை அடிப்படையாக வைத்து, ஏனைய மூன்று வகைகளின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுக்களை அதில் பொருத்தியிருக்கிறார்கள். 8 நாடுகளில் 4 முதல் 16 வயது வரையான 20,000 க்கு மேற்பட்ட சிறுவர்களிடம் அது சோதிக்கப்பட்டது. அந்நாடுகளுள் இலங்கையும் ஒன்று என்பதை எத்தனை பேர் அறிவர்? இரண்டு ஊசிகளையும் பெற்றோரிடம் முதலாண்டில் 80.2 வீதமாக இருந்த, நோயைத் தடுக்கும் செயற்றிறன், நாலரை ஆண்டு முடிவில் 61.2 வீதமாகக் குறைந்தது; மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோய்க்கு எதிராக அது 84.1 வீதமாக நிலைத்தது. இவை மதிக்கத்தக்க பெறுபேறுகள். முன்னர் டெங்கு கண்ட பிள்ளைகளுக்கு இவ்வூசி நன்மை தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஐயம் மற்றப் பிள்ளைகளைப் பற்றியது. அடிப்படை வைரசு இரண்டாம் வகை என்பதால் அவ்வகைக்கு எதிரான பாதுகாப்பே மிக வலுவாக அமைந்தது. முன்னர் டெங்கு கண்டிராத பிள்ளைகளிடம் மூன்றாம் வகைக்கு எதிராகச் செயற்றிறன் காட்டப்படவில்லை. நான்காம் வகை நோயாளர் தொகை முடிவுகூறப் போதவில்லை. மூன்றாம் வகையால் மருத்துவமனை சென்றோரின் எண்ணிக்கையும் மிகச் சிறியது; எனவே அங்கு தீங்கு உண்டு என்றோ இல்லை என்றோ கூற முடியாது. நம் நாட்டில் 2023 அளவில் முன்னிலைக்கு வந்திருந்தது அதே மூன்றாம் வகைதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2024 மே மாத நிலைப்பாட்டு ஆவணத்தில், டெங்கு மிகுதியாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயது வரையானோருக்கு இவ்வூசியைப் பரிந்துரைத்தது. ஒன்பது வயதாகும்போது 60 வீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏற்கெனவே தொற்றுண்டிருப்பது அத்தகைய இடத்தின் அடையாளங்களுள் ஒன்று. குறைவாகவோ நடுத்தரமாகவோ பரவும் இடங்களில், தொற்றுக் காணாதோரிடம் மூன்றாம் நான்காம் வகைகள் பற்றிய நன்மை தீமை தெளிவாகும் வரை பொதுத் திட்டமாக ஏற்றுவதை அந்நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. 2022 இல் பல மாவட்டங்களில் 10 முதல் 19 வயது வரையானோரிடம் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய குருதிப் பரிசோதனை ஆய்வில் ஏறத்தாழக் கால் பங்கினரே முன்னர் தொற்றுண்டவர்களாய் இருந்தனர். நகரங்களில் இது கூடுதலாகவும் மலையகத்தின் உயர்ந்த தோட்டப் பகுதிகளில் மிகக் குறைவாகவும் காணப்பட்டது. ஆனால் 2008 இல் தொடங்கிய கொழும்புச் சிறுவர் ஆய்வொன்றிலோ, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னரே தொற்றுண்டிருந்தனர். நாட்டுக்கு ஒரே விடை இல்லை என்பதையே இவை சொல்கின்றன. மட்டக்குளியின் நெருக்கமான நகர்ப்புறக் குடியிருப்புகளில் வாழும் பிள்ளைக்குப் பொருந்தும் கணக்கு பதுளையின் தேயிலைத் தோட்ட லயத்தில் வாழும் பிள்ளைக்குப் பொருந்தாது. கொழும்புக்குள்ளேயே கறுவாத்தோட்டத்துக்கும் தெமட்டகொடைக்கும் ஒரே எண் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆகையால் நான் கேட்பது பின்வருமாறு. கொழும்பு மாநகரத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம், பெற்றோரின் சம்மதத்துடன், பிரிவு வாரியாகப் புதிதாகக் குருதி ஆய்வொன்றை நடத்தி, முடிவுகளை முழுமையாக வெளியிடுங்கள். எந்த வைரசு வகை எவ்வளவு பரவுகிறது என்பதைத் தங்கள் வாராந்த அறிக்கையில் நோயாளர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஒழுங்காகத் தாருங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து வரப்போகும் ஆண்டின் ஆபத்தை எவராலும் மதிப்பிட முடியாது. சோதனையில் பங்குபற்றிய இலங்கைச் சிறுவர்களின் பெறுபேறுகளைத் தனியாகப் பிரித்துத் தருமாறு தக்கேடா நிறுவனத்திடம் கேளுங்கள்: ஊசியை ஏற்றுக்கொள்ள முன்வந்தவை நம் நாட்டுக் கைகள், அவற்றின் விளைவை அறியும் உரிமை நமக்கு உண்டு. திட்டம் ஒன்று தொடங்குமாயின், ஊசி பெற்ற பிள்ளை பின்னர் டெங்குவால் மருத்துவமனை வந்தால் அதன் வைரசு வகையும் ஊசி விபரமும் ஒருங்கே பதிவாக ஏற்பாடு செய்யுங்கள். இவற்றுள் எதுவும் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுகூடங்களும் ஆட்களும் இந்நகரிலேயே இருக்கிறார்கள்.

ஐயப்பாடுகளை வெளியிட்டால் மக்கள் எல்லா ஊசிகளையும் மறுத்துவிடுவார்கள் என்று சிலர் வாதிடக்கூடும். நம் சொந்த வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 2008 இல், ஐந்து நோய்களுக்கு எதிரான ஐங்கூட்டுத் தடுப்பூசியின் பின் சில இறப்புகள் அறிவிக்கப்பட்டபோது தங்கள் துறை அதை நிறுத்தி வைத்து, ஆராய்ந்து, 2010 இல் மீண்டும் தொடங்கியது. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பினார்கள். 2017 இல் ஆறாந்தரச் சிறுமியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி வந்தபோதும் பாடசாலைகள் ஒத்துழைத்தன. அந்த நம்பிக்கை தங்களிடம் சேமிப்பாக இருக்கிறது. பிலிப்பைன்சில் அது ஓரிரு ஆண்டில் கரைந்தது.

தனியார் மருத்துவமனைகள் பற்றியும் ஒரு சொல். அரசு தீர்மானிக்கத் தாமதிக்கும் இடைவெளியில் இத்தகைய ஊசிகள் விலைக்கு வருமாயின், வாங்க வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளே முதலில் ஏற்றிக்கொள்வார்கள். அப்பிள்ளைகள் வசதியான சூழலில் வளர்வதால் முன்னர் டெங்கு காணாதவர்களாய் இருக்கும் வாய்ப்பும் அதிகம். அதாவது, பலன் மிகத் தெளிவாக உள்ள பிள்ளைக்கு ஊசி எட்டாது. பலன் தெளிவற்ற பிள்ளைக்கு அது முதலில் கிடைக்கும். இவ்வூசிக்கு முன் குருதிப் பரிசோதனை கட்டாயம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறவில்லை என்பதை அறிவேன். என்றாலும் தனிப்பட்ட முறையில் ஏற்றும் இடங்களில், பிள்ளை முன்னர் தொற்றுண்டதா என்பது தெரியாத நிலையின் பொருள் என்ன என்பதை வைத்தியர் பெற்றோருக்கு வாய்மொழியாகவும் எழுத்திலும் விளக்க வேண்டும் என்ற வழிகாட்டலைத் தாங்கள் விடுக்கலாம். அந்தச் சம்மதப் படிவம் தமிழில் முதலிலிருந்தே எழுதப்பட்டு, அச்சுக்குப் போகுமுன் கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ உள்ள பத்துத் தாய்மாரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர்கள் விளங்கிக்கொண்டது என்ன என்று கேட்டுப் பார்க்கப்பட வேண்டும். மூன்றாம் வகை, முன்தொற்று, இரண்டாவது ஊசியை மூன்று மாதம் கழித்துத் தவறாமல் பெறுதல் ஆகிய மூன்றையும் அவர்கள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடிந்தால் படிவத்தை அச்சிடுங்கள். முடியாவிட்டால் திருத்தி எழுதி மறுபடியும் அவர்களிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06