கித்துல்கல காட்டுக்குப் போய் வந்தது

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நாடுவதும் அதுவே. இப்படித் தொடங்கினால் நீ சிரிப்பாய் எண்டு தெரியும். சிரி. போனிலை எண்டால் ‘ஓமம்மா, ஓமம்மா’ எண்டுபோட்டு வைச்சிடுவாய். கடிதத்தை நடுவிலை வைக்கேலாது, அதுதான் எழுதுறன்.

போன கிழமை நானும் சின்னம்மாவும் கீழ்வீட்டு ரீச்சரும் ஒரு வான் பிடிச்சுக் கித்துல்கல போய் ஓரிரவு நிண்டு வந்தம். சின்னம்மான்ரை பேரனும் வந்தவன். உண்மையிலை அவன்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. பறவைப் பைத்தியம் பிடிச்ச பெடியன், கழுத்திலை தூரக்கண்ணாடியைக் கழட்டாமலே சோறு தின்னுறான். அப்பா வரேல்லை. ‘காட்டிலை என்ன கிடக்கு, மரந்தானே’ எண்டவர். ஆரும் கூப்பிட்டால் அசையாத குணம் உனக்கு எங்கையிருந்து வந்ததெண்டு நான் தனியாச் சொல்லத் தேவையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ?

ஹைலெவல் ரோட்டாலை அவிசாவளைக்குப் போய், அங்கையிருந்து ஹட்டன் ரோட்டிலை ஏறவேணும். அவிசாவளையிலை சீதாவக்கை ஆத்துக்குக் கிட்ட பெரண்டி கோயில் எண்டு ஒரு இடிபாடு இருக்கு. இத்தனை வருஷம் கொழும்பிலை இருந்தும் எனக்குத் தெரியாது. 16ஆம் நூற்றாண்டிலை சீதாவக்கை ராசா முதலாம் ராஜசிங்கன் வைரவருக்குக் கட்டத் தொடங்கினதாம். அவன் கடைசிக் காலத்திலை சைவத்துக்கு மாறினவன் எண்டு நாங்கள் வகுப்பிலை படிப்பிச்சிருக்கிறம், கோயிலைத்தான் காணேல்லை. வேலை முடியமுந்தியே எல்லாம் குழம்பிப் போச்சு, பிறகு போர்த்துக்கேயர் இடிச்சுப்போட்டினம். அத்திவாரமும் செதுக்கின கல்லும்தான் மிச்சம். சின்னம்மா செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறினா. சாமி இல்லாத கோயிலுக்கு ஏன் அம்மம்மா எண்டு பேரன் கேட்டான். ‘கட்டினவன் சாமி வருமெண்டு நம்பித்தானே கட்டினவன்’ எண்டா. அரைகுறையிலை நிக்கிறதைக் கண்டால் எனக்கு மனம் ஒரு மாதிரிப் போயிடும். ஒரு காரியத்தைத் தொடங்கினால் கொஞ்சம் கஷ்டம் எண்டதும் விட்டிட்டுப் போகக் கூடாது. நான் கோயிலைத்தான் சொல்லுறன்.

எட்டியாந்தோட்டை தாண்ட ரப்பர் மரங்களுக்கு இடையாலை ஆறு தெரியத் தொடங்குது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து வாறதுதான் களனி கங்கை. 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்திலை கடலோடை சேருது. மேலை மின்நிலையங்களிலை தண்ணி திறந்து விட்டால் ஆறு ஏறும், மூடினால் பாறையெல்லாம் வெளியிலை வரும். தண்ணி ஏறுற நேரம் பார்த்துத்தான் ரப்பர்ப் படகுக்காரர் ஆக்களை ஏத்துகினம். பெடியளும் பெட்டையளும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கத்திக் கத்திப் போச்சினம். இதே ஆத்தை அம்பத்தளையிலை மறிச்சுச் சுத்தமாக்கித்தான் கொழும்புக்குக் குடிதண்ணி குடுக்கினம். 2016 மே மாசம் இதுதானே கொலன்னாவையிலை வீடுகளுக்குள்ளை ஏறினது. நீ சாப்பாட்டுப் பார்சலைத் தலையிலை வைச்சுக்கொண்டு இடுப்பளவு தண்ணியிலை நிண்ட படம் இன்னும் என்ரை போனிலை இருக்கு. வான் றைவருக்கும் காட்டினனான். அண்டைக்கு ஆரெண்டே தெரியாத சனத்துக்காக அப்பிடி நிண்ட பிள்ளை, சொந்தத் தாய்க்கு ஒரு மெசேஜ் போட நேரமில்லை எண்டுறாய்.

காடு ஆத்துக்கு அங்காலை. தொங்குபாலத்தாலை கடக்கவேணும். நடுவிலை போகேக்கை அது ஆடத் தொடங்க, ரீச்சர் என்ரை கையைப் பிடிச்சா, நான் சின்னம்மான்ரை சீலையைப் பிடிச்சன். அக்கரையிலை உடனை காடு வராது. முதல்லை வீட்டுத் தோட்டங்கள். கமுகு, மிளகுக்கொடி ஏறின மரம், துண்டு துண்டாத் தேயிலை, எல்லாத்துக்கும் மேலாலை கித்துல். எங்களுக்குப் பனை மாதிரி அந்தச் சனத்துக்கு அது. பாளையைச் சீவிக் கள்ளெடுத்து, காய்ச்சிப் பாணியாக்கி, இன்னும் காய்ச்சிக் கருப்பட்டியாக்குகினம். ஒரு வீட்டிலை மனுசியும் மனுசனும் அடுப்புக்கு முன்னாலை இருந்து மாறி மாறிக் கிண்டிக்கொண்டிருந்தினம். எங்களுக்கும் ஆளுக்கொரு கரண்டி விட்டுத் தந்தினம். அப்பான்ரை சீனி வருத்தத்தை நினைச்சு அவருக்கு வாங்கேல்லை.

தோட்டம் முடிஞ்சு காட்டுக்குள்ளை கால் வைச்ச உடனை வெயில் போட்டுது. ஹொர எண்டு ஒரு மரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து உளையும். அதின்ரை காய்க்கு ரெண்டு செட்டை இருக்கு, விழேக்கை சுழண்டு சுழண்டு விழுது. நாங்கள் கண்ணகலப் பார்த்துக்கொண்டு நிக்க, அட்டை தன்ரை வேலையைத் தொடங்கீட்டுது. காலுக்குச் சவுக்காரம் பூசு, பூசு எண்டு வழிகாட்டப் பெடியன் சிங்களத்திலை படிச்சுப் படிச்சுச் சொன்னவன். ரீச்சர் கேக்கேல்லை. கடிக்கிறது தெரியாது, நோகாது. பிறகு பார்த்தால் சொக்ஸ் முழுக்க இரத்தம். கடிக்கேக்கை இரத்தம் உறையாமலிருக்க அது எதையோ உள்ளை விடுமாம், அதாலை அட்டையைக் கழட்டினாப் பிறகும் கனநேரத்துக்கு நிக்காது. நோகாமல் நடக்கிற விஷயங்களைத்தான் கவனிக்க வேணும், தம்பி. சாப்பாட்டைத் தள்ளிப்போடுறதும் அப்பிடித்தான். இரவிலை பாணைக் கடிச்சுப்போட்டுப் படுக்கிறதெல்லாம் சாப்பாடில்லை.

பேரன் தேடிப் போனது பச்சைச் சொண்டுச் செண்பகம். எங்கடை ஒழுங்கை வேலியிலை நிக்கிற செண்பகம் இல்லை, இது இலங்கையை விட்டால் வேறை எங்கையும் இல்லாத இனம். புதருக்குள்ளை ஒரு வாலைக் கண்டவனாம். எனக்கு அதுவும் தெரியேல்லை. ஆனால் அவன் சொன்ன ஆந்தைக் கதை எனக்குப் பிடிச்சுது. 1995இலை தீபால் வாரகாகொட எண்டவர் இந்தக் கித்துல்கல காட்டிலைதான் ஒரு குரலைக் கேட்டிருக்கிறார். தெரிஞ்ச எந்தப் பறவையோடையும் ஒத்துப் போகாத குரல். ஆளைக் காணேல்லை. காடு காடாய்த் திரிஞ்சு 2001இலைதான் சிங்கராஜாவிலை கண்ணாலை கண்டவர். ஒரு சாணும் வராத செம்மண் நிற ஆந்தை, பத்தைக்குள்ளை பதுங்கி இருக்கிறது. 2004இலை அது உலகத்துக்கே புது இனம் எண்டு எழுதி, சிங்கராஜாவைக் காப்பாத்தப் போராடின திலோ ஹொஃப்மனின்ரை பேரை வைச்சிருக்கினம். பொழுது பட்டாப்போலை எங்களையும் ஆத்தங்கரையிலை மூச்சுக் காட்டாமல் நிப்பாட்டி வைச்சான். தனக்குக் கேட்டது எண்டு சத்தியம் பண்ணினான். எனக்குக் கேட்டது ஆறும் சில்வண்டும் சின்னம்மான்ரை கொட்டாவியும்.

ஆறு வருஷம் குரலை மட்டும் வைச்சுக்கொண்டு ஒரு மனிசன் பொறுத்திருக்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, இப்பவே சொல்லிப்போட்டன். கமராவைப் போடு. நெட் சரியில்லை எண்டுறாய், கனடாவிலை நெட் சரியில்லாமல் வெள்ளவத்தையிலை சரியோ? கடைசியா நீ அனுப்பினது பிறந்தநாள் படம். நல்ல படம், சேர்ட் வடிவு, ஆனால் கன்னம் ஒட்டிப்போச்சு. நீ தனியத்தான் நிக்கிறாய். பின்னாலை யன்னல் மூலையிலை நிக்கிற அந்தத் தையல் மெஷினையும் காணேல்லை. அறையை மாத்தி அடுக்கியிருப்பியள் எண்டு அப்பா சொல்லுறார். அப்பிடித்தான் இருக்கும்.

நான் எப்ப எடுத்தாலும் பிள்ளை குளிக்கிறா, இல்லாட்டி வேலைக்குப் போட்டா. முந்தி ஞாயிற்றுக்கிழமையிலை உன்னைத் தள்ளிப்போட்டு ‘மாமி, இண்டைக்கு என்ன கறி’ எண்டு அவதான் முதல்லை வருவா. அவவும் பாவம், வேலை கூட எண்டு நினைக்கிறன். பெரியக்கா போன மாசம் போன் எடுத்து ஏதோ சொல்ல வெளிக்கிட்டா, நான் அடுப்பிலை பால் எண்டு வைச்சிட்டன். மீன்தொட்டி விஷயத்திலை அவவின்ரை கதையைக் கேட்டு நாங்கள் பட்டது போதும். ஏதும் இருந்தால் நீயே சொல்லுவாய். நீ சின்னனிலை பொய் சொன்னால் காது சிவக்கும். போனிலை அது தெரியாது.

கித்துல்கல எங்களுக்கு நல்லாப் பிடிச்சுது. திரும்பி வரேக்கை ரீச்சர் அடுத்த முறை பெலிலென குகைக்கும் போகவேணும் எண்டா. அங்கை கற்காலத்து மனிசற்றை எலும்புகள் எடுத்தவையாம். அந்த ஏத்தம் எனக்குச் சரிவராது. நீங்கள் வரேக்கை போங்கோ, நான் கீழை கடையிலை பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருக்கிறன். அப்பாவுக்குச் சீனி இப்ப பரவாயில்லை. லிஃப்ட் திரும்பவும் பழுது. மாடியேறி முழங்கால் உளைஞ்சாலும் எழும்பி நடக்கிறன். நீயும் வேலை முடிய ஒரு பார்க்கிலையாவது நட. சாப்பிட்டிட்டு நட. கோவத்தோடை ஆரோடையும் படுக்கைக்குப் போகாதை. ரெண்டு பேருக்குள்ளை ஆயிரம் வரும், எனக்கும் அப்பாவுக்கும் வராததோ? பாத்திரக் கதவை அடிச்சுச் சாத்தினாலும் அவருக்குச் சோறு போட்டனான், அவரும் தின்னாமல் எழும்பினதில்லை.

பிள்ளைக்குக் கித்துல் பாணி எண்டால் உயிர், தயிரிலை விட்டுத் திண்டதை மறக்கேல்லை. அந்த வீட்டிலையே ரெண்டு போத்தல் வாங்கி, மூடியைச் சுத்தி ரேப் ஒட்டி வைச்சிருக்கிறன். மாமான்ரை மகன் அடுத்த மாசம் உங்கை வாறான். உனக்கொண்டு, அவவுக்கொண்டு. ரெண்டையும் ஒரே விலாசத்திலை குடுக்கச் சொல்லவோ எண்டு அவன் வெளிக்கிட முந்தி எழுது.

அன்புடன்,
அம்மா