நண்பகலில் தொடங்கு

ஹற்றன்.

அன்புள்ள மகளுக்கு,

பசறையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கடிகாரம் பார்க்கத் தெரிந்த உன் மூன்றாம் தர வகுப்புப் பிள்ளைகள்கூட மு.ப., பி.ப. என்று எழுதும் இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று வருந்தியிருக்கிறாய். நானும் அங்கேதான் இடறினேன். முற்பகல் என்றால் காலை, பிற்பகல் என்றால் மாலையும் இரவும் என்று எளிதாக்கிச் சொல்லிவிட்டேன். தன் அம்மா ரொட்டி சுட எழும்பும் நேரத்தை ஒரு பையன் பி.ப. 4.00 என்று எழுதி வந்தான். காரணம் கேட்டபோது, "அப்ப இருட்டுத்தானே சேர்" என்றான். பிழை என்னுடையது.

ஆகவே வெளிச்சத்தையும் இருட்டையும் விட்டுவிட்டு நண்பகலில் தொடங்கு. மு.ப., பி.ப. என்று எழுதும்போது பகல் என்பதை நண்பகல் என்னும் அந்த ஒரு கணமாகவே கொள். நள்ளிரவிலிருந்து அதுவரையுள்ள 12 மணித்தியாலம் அதற்கு முன், அதிலிருந்து மீண்டும் நள்ளிரவு வரையுள்ள 12 மணித்தியாலம் அதற்குப் பின்.

பனிமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, காலையில் மேற்கே நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி, பிறகு கிழக்கே நீளத் தொடங்குவதைப் பிள்ளைகளே கல் வைத்துக் குறிக்கட்டும். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருவதால், நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழல் மிகக் குறுகும் வேளை கடிகாரத்தின் 12 மணியோடு அப்படியே பொருந்தாது. இலங்கை நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, பசறையோ அதற்கு மேற்கே இருப்பதால் சராசரியாக ஐந்தாறு நிமிடமும், பெப்ரவரியில் ஏறத்தாழ இருபது நிமிடமும் பிந்தும். (1996 மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியபோது, நிழல் பகல் ஒரு மணியளவில்தான் குறுகியது. நீ அப்போது பிறக்கவில்லை.)

அடுத்த சிக்கல் பகல் 12.30. பதினொன்றுக்கு அடுத்தது பன்னிரண்டு என்பதால் பிள்ளைகள் அதையும் மு.ப. என்றே எழுதுவார்கள். "நண்பகல் கழிந்துவிட்டதா?" என்று மட்டும் கேள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மு.ப.வும் வேண்டாம், பி.ப.வும் வேண்டாம், நண்பகல் 12, நள்ளிரவு 12 என்று எழுதப் பழக்கு.

பாடசாலை மு.ப. 7.30 இலிருந்து பி.ப. 1.30 வரை எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால், 1.30 இலிருந்து 7.30 ஐக் கழிக்க முயன்று விழிப்பார்கள். நண்பகல் வரை நாலரை, அதன்பின் ஒன்றரை என்று விரல் விட்டு எண்ணச் சொல்; ஆறு தானாக வரும்.

கம்பு நட்ட நாளில் வெயில் எறித்ததா என்று எழுது.

அன்புடன்,
அப்பா