'ஒன்றுக்குக் குறைவு' போதாது: ரீகாம்பினன்ட் புரத நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வகங்களுக்கான ரீகாம்பினன்ட் (மரபணுவை வேறோர் உயிரியில் செலுத்தி உருவாக்கும்) சுண்டெலிப் புரதங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை இங்கே தருவித்து விற்கும் விநியோகஸ்தர்களுக்கும் வணக்கம்.

நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில் சுண்டெலிச் செல்களோடு மாரடிப்பவன் நான். உங்கள் குப்பிகள் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது. சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து டென்ட்ரிடிக் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லை வளர்க்க வேண்டுமென்றால், அதை வளரத் தூண்டும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதம் சுண்டெலியுடையதாகத்தான் இருக்க வேண்டும். மனிதனுடையதை எவ்வளவு ஊற்றினாலும் அந்தச் செல்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. மனிதப் புரதம் மருந்தாகப் போகும்போது அதைச் சோதிக்க அரசு அமைப்புகள் இருக்கின்றன. சுண்டெலிப் புரதத்தை எந்த நோயாளிக்கும் யாரும் ஏற்றப்போவதில்லை. லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சடித்துவிட்டால் அதற்கு மேல் கேட்க ஆளில்லை. ஆகவே, பயன்படுத்துகிற நாங்களே கேட்கிறோம்.

எங்கள் தலைவலி எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு. உங்கள் புரதங்களில் பெரும்பகுதி ஈ. கோலை பாக்டீரியாவில் தயாராகிறது. அந்த பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள கொழுப்புச்சர்க்கரைதான் இந்த எண்டோடாக்சின்; அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜின் மேலுள்ள டிஎல்ஆர்4 என்ற உணர்வி அதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடும். இதை 1998-இல் காட்டியவர் புரூஸ் பாய்ட்லர். எண்டோடாக்சினுக்கு அசையாத ஒரு சுண்டெலி வகையை ஆராய்ந்துதான் கண்டுபிடித்தார், 2011-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆக, நாங்கள் புரதத்தைச் சேர்க்கிறோம், செல் பதில் சொல்கிறது. ஆனால் பதில் புரதத்துக்கா, அழுக்குக்கா?

இது வெறும் கற்பனை பயமில்லை. ஹெச்எஸ்பி70 என்ற புரதம் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டுகிறது என்று வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. 2003-இல், எண்டோடாக்சினை நன்றாக நீக்கிய ரீகாம்பினன்ட் ஹெச்எஸ்பி70-ஐக் கொடுத்துப் பார்த்தபோது சுண்டெலி மேக்ரோஃபேஜ்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கவே இல்லை.

சரி, உங்கள் டேட்டா ஷீட்டில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரே வரி: 'ஒரு மைக்ரோகிராமுக்கு 1 ஈயூ-வுக்குக் குறைவு.' (ஈயூ என்பது எண்டோடாக்சினை அளக்கும் அலகு.) ஜிஎம்-சிஎஸ்எஃப்பை மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் போடுகிறவருக்கு இது போதும். கணக்குப் போட்டால் 0.02 ஈயூ-வைத் தாண்டாது. ஆனால் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் போட வேண்டிய புரதங்களும் இருக்கின்றன. அங்கே உங்கள் வரம்புக்கு உள்ளேயே 1 ஈயூ வரை, அதாவது சுமார் 100 பிகோகிராம் எண்டோடாக்சின், செல்லுக்குப் போய்ச் சேரலாம். மேக்ரோஃபேஜ் துள்ளிக் குதிக்க அது தாராளம்.

எங்களிடம் வந்த ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரான ஒரு தொகுதியில், இதுதான் நடந்தது. சந்தேகம் வந்து புரதத்தைக் கொதிக்க வைத்துச் சேர்த்தோம். புரதம் என்றால் சூட்டில் குலைந்துபோயிருக்க வேண்டும், எண்டோடாக்சின் அசராது. கொதித்த பிறகும் டிஎன்எஃப் அதே அளவு வந்தது. எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தோம், எல்லாம் அடங்கிவிட்டது. விற்றவர்களிடம் கேட்டால், 'வரம்புக்குள்தானே இருக்கிறது' என்றார்கள். உண்மைதான், அதுதான் எரிச்சல். பணம் போனது ஒருபக்கம். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் தலை எண்ணி அனுமதி வாங்கிய சுண்டெலிகள் வீணாய்ப் போனதற்கு யார் பதில் சொல்வது?

நீங்கள் ஒவ்வொரு லாட்டையும் அளந்துவிட்டுத்தான் வெளியே விடுகிறீர்கள். எண்டோடாக்சின் பட்டால் உறையும் குதிரைலாட நண்டின் ரத்தத்தை வைத்து அளந்தாலும் சரி, அந்த ரத்தத்தில் உள்ள புரதமொன்றை ஆய்வகத்தில் தயாரித்த, சிங்கப்பூரில் உருவான ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி-யை வைத்து அளந்தாலும் சரி, ஓர் எண் உங்கள் கையில் இருக்கிறது. அந்த எண்ணை லாட் வாரியாக அச்சிடுங்கள். அப்புறம், புரதம் கெடாமலிருக்க மாட்டு அல்புமின் சேர்த்திருந்தால் எவ்வளவு என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல் லேபிளிலேயே போடுங்கள். புரதத்தில் வேறொன்றை இணைக்க நினைப்பவருக்கு அந்த அல்புமின் பெரிய தொல்லை. விநியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை: உலர்பனி தீர்ந்துபோய் சுங்கத்தில் கிடந்த பெட்டிக்கும் நேரே வந்த பெட்டிக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. வெப்பநிலை காட்டும் ஸ்டிக்கர் ஒன்றை உள்ளே வையுங்கள்.

அளந்த எண் 0.9 என்று வந்தாலும் மறைக்க வேண்டாம். வாங்குவோம். எந்தச் சோதனைக்கு அது ஆகும், எதற்கு ஆகாது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.