பீலித் தண்ணீரும் உன் கேள்வியும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன், உடனே போய்ச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டார். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் குளிர் கூடினால் முழங்கால் வலி.

அப்புறம் உன் கேள்வி. காலநிலை மாறுவது தெரிந்தும் சனம் ஏன் ஒன்றும் செய்யாமல் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மூன்று நாளாக அதே யோசனைதான். தெரிந்தால் மட்டும் போதாது மச்சான். கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தை நினைத்துப் பார். 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஆபத்து என்று எச்சரித்திருந்தது. சனத்துக்குப் பயம் இல்லாமலா இருந்தது? எழும்பிப் போக ஒரு துண்டு நிலம் சொந்தமில்லை, வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கேதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து, தொழிலாளர் இருந்த வரிசை வீடுகளான லயங்களையே மூடிவிட்டது. அதனால், மக்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

உத்தரவு போட்டாலும் நடக்காது. 2021 மே மாதம் அரசாங்கத்தார் ரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். சாணம், இலைதழையில் செய்யும் சேதனப் பசளை நல்லதுதான், மழைத் தண்ணீரை மண் பிடித்துவைக்க உதவும், ஆனால் அதற்குப் பழக வருஷங்கள் வேண்டும். இப்போது அந்தப் பேரை எடுத்தாலே எங்கள் பக்கம் முகம் சுளிக்கிறார்கள்.

ஆனால் மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் எங்கள் பீலிக்கரையில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது ஆடி மாதத்திலும் குடம் நிரம்பி வழியும், ஞாபகம் இருக்கிறதா? போன ஆடியில் நூல் மாதிரி வடிந்தது, ஒரு குடம் நிரம்ப அரை மணித்தியாலம். கடைசி லயத்து அக்கா, அதுதான் ஓய்வுபெற்ற பிறகும் கொழுந்துக் கூடையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர், அந்தக் கூடையில் மூங்கில் கன்றுகளையும் பலாக் கன்றுகளையும் சுமந்துபோய் ஊற்றுக்கு மேலே நட்டார், மாடு மிதிக்காமல் கம்பு வேலியும் போட்டார். முதல் இரண்டு வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பிள்ளைகள் தண்ணீர் ஊற்றப் போனார்கள், பிள்ளைகளைத் தேடிக்கொண்டு தாய்மார் போனார்கள், இப்போது இளந்தாரிப் பொடியன்கள் ஞாயிற்றுக்கிழமையில் குப்பையும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறார்கள். காலநிலை மாற்றம் என்ற சொல்லை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. பேத்தி தூரத்துக்குப் போய்க் குடம் சுமக்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

வெளிநாடுகளில் சோலார் போடுவதை ஆராய்ந்தவர்கள் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வீட்டுக் கூரையில் ஏறினால் அக்கம்பக்கத்திலும் போடுவது கூடுகிறதாம். கையெட்டும் தூரத்தில் ஒரு வேலை இருக்க வேண்டும், தெரிந்த ஒருவர் அதைச் செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு இவ்வளவுதான் விளங்குகிறது, உனக்கு வேறு மாதிரித் தோன்றினால் எழுது.

சித்திரை வருஷத்துக்கு வருகிறாய்தானே? ஒரு நாள் காலையில் பீலிக்கரைக்குப் போவோம், வேலிக்கு இன்னும் ஆறு கம்பு வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி
பண்டாரவளை