கர்ணனைத் திட்டாதே

அன்புள்ள கஞ்சப்பிரபு,

இங்கே எல்லோரும் நலம். உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன், விஷயம் அப்படி.

கர்ணனுக்குக் கடன் கழுத்துவரை வந்துவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினான். வங்கியிலிருந்து வந்த கவர்கள், ஒன்றுகூடப் பிரிக்காமல், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். நான் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் போன் வந்தது. அந்தப் பக்கம் இருந்தவர் கஷ்டத்தைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை, இவன் "எவ்வளவு வேணும்?" என்கிறான். போனைப் பிடுங்காத குறைதான்.

நீ அவனை விளாசியதையும் சொன்னான். ஒழுக்கம் இல்லை, பொறுப்பு இல்லை என்றாயாம். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

2018-இல் சாண்ட்ரா மாட்ஸ், ஜோ கிளாட்ஸ்டன் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிறர் மனம் நோகக் கூடாது என்று இணங்கிப் போகிறவர்கள்தான் பணச் சிக்கலில் அதிகம் மாட்டுகிறார்களாம். பேரத்தில் விட்டுக்கொடுப்பதால் என்று தோன்றும், இல்லையா? காரணம் அது இல்லை. மற்றவர்கள் அளவுக்குப் பணத்தை அவர்கள் பெரிதாக நினைப்பதே இல்லை. வருமானம் குறைந்தவர்களிடம் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. கையில் மிச்சம் இருக்கிறவன் அதே குணத்தோடு தப்பித்துக்கொள்கிறான்.

கர்ணன் கதை அச்சு அசல் இதுதானே? நல்ல சம்பளம் வாங்கிய காலத்தில் அவன் அள்ளிக் கொடுத்ததைப் பார்த்து அந்தப் பட்டத்தைச் சூட்டியதே நீதான். வேலை போய், பாதிச் சம்பளத்தில் புது வேலை. குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது அதற்குப் பொறுப்பின்மை என்று பெயர் வைத்தால் அநியாயம் இல்லையா?

நீ மட்டும் என்ன, யோசித்து முடிவெடுத்தா இப்படி ஆனாய்? ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2008-இல் எழுதியதைப் படித்தபோது உன் முகம்தான் கண்முன் வந்தது. பணம் கையைவிட்டுப் போகப்போகிறது என்ற நினைப்பே சிலருக்கு வலிக்கிறது. அதனால் தாங்களே செலவழிக்க ஆசைப்படும் அளவுக்குக்கூட அவர்கள் செலவழிப்பதில்லை. வலி குறைந்தவர்கள் ஆசைப்படுவதற்கு மேலே செலவழித்துவிட்டு அப்புறம் தவிக்கிறார்கள். 13,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்ததில் இரண்டு ஊதாரிக்கு மூன்று கஞ்சர் என்ற கணக்கு. ஊதாரிகளைவிட உன் கட்சிக்குத்தான் ஆள் அதிகம், சந்தோஷப்படு! ஆனால் சேமிப்பதில் சுகம் காண்பது வேறு, செலவழிக்க வலிப்பது வேறு. முட்டிவலியோடு நடக்கிறாய், டாக்டருக்குப் பணம் கட்ட மனம் வரவில்லை. இதைச் சிக்கனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் போய்க் காட்டு.

இந்த இரண்டு ரகமும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்துகொள்கிறது என்றும், வித்தியாசம் கூடக்கூடப் பணச் சண்டையும் கூடுகிறது என்றும் ரிக்கும் வேறு இருவரும் 2011-இல் எழுதினார்கள். கர்ணன் மனைவி உன் ரகம். அவர்கள் வீட்டில் சண்டை ஒரு ரசீதில் ஆரம்பித்து எங்கெங்கோ போகிறது. கடனைவிட எனக்கு அதுதான் பயம்.

திட்டி மாறுகிற வயதா நமக்கு? ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். இனி வரப்போகும் ஊதிய உயர்வில் ஒரு பகுதி தானாகவே சேமிப்புக்குப் போக இன்றே சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதலில் செய்து பார்த்த நிறுவனத்தில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. யாரும் யாருக்கும் ஒழுக்கம் போதிக்கவில்லை.

கர்ணனுக்கும் அந்த வழியில்தான் ஏற்பாடு செய்திருக்கிறேன். சம்பளம் வந்த அன்றே தவணை பிடித்துக்கொள்வார்கள், வீட்டுச் செலவு மனைவி கணக்குக்குப் போய்விடும். மிச்சத்தில் ஒரு சின்னத் தொகை, பிறருக்குக் கொடுப்பதற்கென்றே தனியாக. அதைக் கேட்டு அவள் முகம் சுளித்தாள், நான் விடவில்லை. அந்த வழியை அடைத்தால் நமக்குத் தெரியாமல் கடன் வாங்கிக் கொடுப்பான். தொகை தீர்ந்தால் "இந்த மாசம் முடிஞ்சிடுச்சு" என்று அவன் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாதாமாதம் தவணைக் கணக்கைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். ஓர் எண் பிசகினாலும் உனக்குத் தூக்கம் வராது, அதனால் உன் பெயரைச் சொன்னேன். அவனும் சரி என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிடு. பழைய கதையெல்லாம் பேசு, பணப் பேச்சை அவனாக எடுக்கட்டும். வங்கித் தாள்களைப் படம் பிடித்துத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
மொட்டை