காகிதத் தோரணமும் சவுக்குத் தோரணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் தோரணத்தை வீட்டிலேயே செய்ய ஏ4 வண்ணத்தாள் 7 போதும். அகலவாக்கில் 3 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் தாளுக்கு 9 தேறும். ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நுனிகளை 1 செ.மீ. மேலேற்றி ஒட்டினால் 60 வளையத்துக்குச் சுமார் 12 அடி வரும். 10 அடி அறைக்கு அந்தத் தொய்வுதான் அழகு.

மைதாப் பசை வேண்டாம். மார்கழி ஈரமும் கடற்காற்றும் சேரும் புதுவையில் அது பூசணம் பிடிக்கும், கரப்பானும் அரிக்கும். ஸ்டேப்ளர் பின்னோ துருவேறித் தாளைக் கறையாக்கும். ஃபெவிகால் ஒரு பொட்டு வைத்து, துணி கிளிப்பால் சற்று நேரம் கவ்வவிட்டால் போதும். கிரேப் காகிதத்தை வாசலில் கட்டினால் சாரலில் சாயம் இறங்கிச் சுவர் பாழ்.

நம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை. அதுவே மேல் என்பேன். ஒரு சாண் கொப்புகளை நான்கைந்தாகச் சேர்த்து, முந்தைய கட்டின் காம்பு மறையும்படி, நான்கு விரல் இடைவெளியில், பூக்கட்டுவதுபோலக் கயிற்றோடு நூலால் இறுக்க வேண்டும். வாடும்போது காம்பு சுருங்குவதால் தளர்ந்த கட்டு நழுவிவிடும். 23ஆம் தேதிக்கு முன் கட்டினால் பண்டிகைக்குள் உதிரத் தொடங்கும். காய்ந்த சவுக்கு சட்டெனப் பற்றும். குடிலில் மெழுகுவத்தி ஏற்றுவோர் தோரணத்தை எதிர்ச்சுவரில் மாட்டட்டும்.

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி